பின்வரிசை பாட்டில்கள்: உங்களிடமே இருக்கும் மறந்துபோன பெர்ஃப்யூம்களை மீட்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு வாரமாக ஒரு வெட்டிவேர் பெர்ஃப்யூமைத் தேடிக்கொண்டிருந்தேன். இனிப்பு இருக்கக் கூடாது. காய்ந்த வேரின் வறட்சி வேண்டும், அடியில் கொஞ்சம் புகை வேண்டும். சாம்பிள் மேல் சாம்பிளாக முகர்ந்து ஒன்றும் சரிப்படாமல் சலித்துப்போன ஒரு நாள், அலமாரியைத் துடைக்க உட்கார்ந்தேன். பின்வரிசையில், பெட்டிக்குள் ஒழுங்காகத் திரும்ப வைக்கப்பட்ட நிலையில் ஒரு பாட்டில். அடித்துப் பார்த்தால், நான் தேடிய அதே வாசம். நான்கு வருடத்துக்கு முன்னால் நானே வாங்கியது. இரண்டே முறை அடித்துவிட்டு ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று முடிவுகட்டி உள்ளே தள்ளியிருக்கிறேன்.

அன்று என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். புழுக்கமான மத்தியானம். காலையில் அடித்த வேறொரு பெர்ஃப்யூம் மணிக்கட்டில் மிச்சமிருந்தது. அதன் மேலேயே இதை அடித்தேன், பத்து நிமிடம் கொடுத்தேன், தீர்ப்பு எழுதிவிட்டேன். இப்படி அரைகுறை விசாரணையில் தண்டனை வாங்கிய பாட்டில்கள்தான் பெரும்பாலான சேகரிப்புகளின் பின்வரிசையில் நிற்கின்றன என்பது என் எண்ணம். அவற்றுக்கு மறுவிசாரணை நடத்துவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. அவசரமில்லாமல் செய்தால் ஆறேழு வாரம் ஆகும்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஸ்ப்ரேயில் சுமார் 0.1 மில்லி வெளியே வரும். அப்படியென்றால் 100 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ ஆயிரம் ஸ்ப்ரே. நாளுக்கு நான்கு அடித்தால் ஒரு பாட்டில் 250 நாள் வரும். பத்துப் பாட்டில் இருந்தால் 2,500 நாள், கிட்டத்தட்ட ஏழு வருடம். இருபது, முப்பது வைத்திருப்பவர்கள் மீதிக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம். நான் போட்டேன், அன்று இரவு புதுசாக எதையும் தேடவில்லை.

படி 1: எல்லாவற்றையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவாருங்கள்

எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான். அலமாரி, குளியலறை, பயணப் பை, அலுவலக மேஜை, காரின் டேஷ்போர்டு அறை, பரிசாக வந்து பிரிக்கப்படாத பெட்டிகள், கைப்பைகளின் அடியில் கிடக்கும் இரண்டு மில்லி சாம்பிள்கள். வெயில் விழாத மேஜையாக இருக்கட்டும்.

இப்போது எதையும் முகராமல் மூன்று குவியலாகப் பிரியுங்கள். கடந்த மூன்று மாதத்தில் அடித்தவை ஒரு பக்கம். அடிக்கவில்லை, ஆனால் வாசனை நினைவிருக்கிறது என்பவை இன்னொரு பக்கம். பெயரைப் பார்த்தும் வாசனை நினைவுக்கு வராதவை மூன்றாவது. நமக்கு வேலை இருப்பது கடைசி இரண்டில். முதல் குவியலை ஒரு பெட்டியில் போட்டு மூடி, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை கை அதற்குத்தான் போகும்.

மிச்சமிருப்பவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பெயர், எப்போது கிடைத்தது, எவ்வளவு மீதி இருக்கிறது. பாட்டில் நிறக் கண்ணாடியாக இருந்தால் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், மட்டம் தெரியும். மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் நல்லது. சின்னத் தராசு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது: பாட்டிலை மூடியோடு எடைபோட்டு கிராமில் எழுதி வைத்தால், எதை உண்மையிலேயே பயன்படுத்துகிறோம், எதைப் பயன்படுத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது வருடக் கடைசியில் தெரிந்துவிடும்.

அப்புறம், இந்தப் படியிலேயே முக்கியமான வேலை: ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, முகர்ந்து பார்ப்பதற்கு முன், அது எப்படி மணக்கும் என்று உங்களுக்கு நினைவிருப்பதை ஒரே வரியில் எழுதுங்கள். ‘சோப்பு மாதிரி’, ‘தலைவலி’, ‘ரொம்ப இனிப்பு’, ‘தெரியாது’. பிறகு அடித்துப் பார்க்கும்போது இந்த வரியோடு ஒப்பிடப் போகிறோம். என் பட்டியலில் பாதிக்கு மேல் பொய்யாகப் போனது. என் நினைவில் இருந்தவை வாசனைகளே இல்லை, நானே ஒட்டிவிட்ட லேபிள்கள்.

படி 2: உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

பெர்ஃப்யூமுக்கு மூன்று எதிரிகள்: வெளிச்சம், சூடு, காற்று. பிரான்ஸின் வெர்சாய் நகரில் 1990-இல் தொடங்கப்பட்ட ஓஸ்மோதெக் என்ற வாசனை ஆவணக் காப்பகத்தில், பழைய பெர்ஃப்யூம்களை இருட்டில், 12 டிகிரி செல்சியஸில், பாட்டிலுக்குள் இருக்கும் காற்றை நீக்கி ஆர்கான் வாயு நிரப்பிக் காக்கிறார்கள். மூன்று எதிரிகளையும் ஒரே ஏற்பாட்டில் விரட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நமக்கு ஆர்கான் வேண்டாம். மூடிய பெட்டியும், சூடு ஏறி இறங்காத ஒரு அறையும் போதும். குளியலறை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு குளியலுக்கும் சூடு ஏறி இறங்கும் ஜன்னலோரத் தட்டில் ஓர் எலுமிச்சை வகை பெர்ஃப்யூமை ஒரு வருடம் வைத்திருந்து நான் கெடுத்திருக்கிறேன்.

எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்ற புளிப்புப் பழ வாசனைகள்தான் முதலில் கெடும். அவற்றில் உள்ள லிமோனீன் காற்றோடு சேர்ந்து எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். அதனால்தான் பழைய பாட்டிலின் முதல் சில நிமிடங்கள் மட்டும் பெயின்ட் போலவோ, சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய் போலவோ இருந்துவிட்டு, பிறகு அருமையாகத் தெளிவதுண்டு. மரம், பிசின், பச்சோலி போன்ற கனமான வாசனைகள் பல வருடம் அசையாமல் இருக்கும்.

இங்கே நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் அடிக்காத பாட்டிலில், ஸ்ப்ரேயின் உள்குழாயில் தங்கியிருக்கும் துளிகள்தான் முதலில் வரும். பாட்டிலுக்குள் இருப்பதைவிட அவை பழசாகியிருக்கும். எனவே முதல் நான்கைந்து ஸ்ப்ரேயை ஒரு டிஷ்யூ காகிதத்தில் அடித்துத் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பிறகு வருவதை வைத்துத்தான் தீர்ப்பு. கெட்டுப்போனது என்று ஒதுக்கிய இரண்டு பாட்டில்களை இந்த ஒரே வேலையில் திரும்பப் பெற்றேன்.

நிறம் கறுத்துவிட்டது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். வனிலாவுக்கு மணம் தரும் வனிலின் உள்ள பெர்ஃப்யூம்கள் நாளாவட்டத்தில் பழுப்பாகும். அது அவற்றின் குணம். நறுமணம் சரியாக இருந்தால் நிறத்தை விட்டுவிடலாம், வெள்ளைச் சட்டையில் மட்டும் அடிக்காதீர்கள். கலங்கல், மேலே மிதக்கும் படலம், பத்து நிமிடம் கழித்தும் போகாத புளித்த நெடி, இவை வேறு விஷயம்.

பெட்டியில் திறந்த டப்பா படத்துக்குள் 36 எம் என்பதுபோல் ஓர் எண் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் வரும் என்று தயாரிப்பாளர் தரும் உறுதி அது. இருட்டில் வைத்த பாட்டில் அந்த எண்ணைத் தாண்டியும் நன்றாகவே இருக்கக்கூடும். வெயிலில் வைத்தது அதை எட்டாமலும் போகலாம். எண்ணைவிட மூக்கை நம்புங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜனேற்றம் அடைந்த லிமோனீனும், லினலூல் என்ற இன்னொரு வாசனைப் பொருளும் தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. கெட்டது என்று சந்தேகம் வந்தால் தோலில் போடாதீர்கள். அதேபோல் மிகப் பழைய காலத்து பெர்ஃப்யூம்களில் சுத்திகரிக்கப்படாத பெர்கமாட் எண்ணெய் இருந்திருக்கலாம். அதில் உள்ள பெர்காப்டென் வெயிலோடு சேர்ந்தால் தோலில் கறுத்த திட்டுகளை உண்டாக்கும். அப்படிப்பட்டதை உடை மறைக்கும் இடத்தில் போடுவது நல்லது.

படி 3: பாட்டிலைச் சரிசெய்யுங்கள்

அடிக்க முடியாததாலேயே மறந்துபோன பாட்டில்கள் உண்டு. முனை அடைத்திருந்தால், மேலே அழுத்தும் பகுதியை மட்டும் நேராக மேல்நோக்கி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக உலர்த்திப் பொருத்துங்கள். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

ஸ்ப்ரே இல்லாமல் மூடியைத் திறந்து தொட்டுப் பூசும் வகை என்றால் விரலால் தொடும் பழக்கத்தை விடுங்கள். தோலின் எண்ணெய்ப் பசை உள்ளே போகும். கண்ணாடித் துளிசொட்டி நல்லது. பெரிய பாட்டிலில் கால்வாசிதான் மீதி என்றால் மற்ற முக்கால்வாசியும் காற்று. மீதியை ஒரு சின்னக் கண்ணாடி ஸ்ப்ரே பாட்டிலுக்கு நிறைய மாற்றிவிடுங்கள், பெயரும் தேதியும் எழுதி. எழுதாமல் விட்ட மூன்று சின்ன பாட்டில்கள் என்னிடம் இன்றுவரை அநாமதேயமாகவே இருக்கின்றன.

படி 4: மூக்கைத் தயார் செய்யுங்கள்

மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் வேலை செய்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் தொகுதி ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். செயற்கைக் கஸ்தூரிகளில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. பக்கத்தில் இருப்பவருக்கு அதே வாசனை அறையை நிறைக்கும். வயலட் பூ வாசம் தரும் அயோனோன்களும் அப்படித்தான், ஒருவருக்குப் பூ, இன்னொருவருக்கு அரைகுறைப் புளிப்பு. ஆகவே ‘இதில் ஒன்றுமே வரவில்லை, தண்ணீர்’ என்று நீங்கள் ஒதுக்கியதை எறிவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிக் கேளுங்கள். நானும் ஒரு கஸ்தூரி பெர்ஃப்யூமை ஒன்றுமில்லாதது என்று எட்டு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு போய், கூட இருந்தவர்களை ஜன்னல் திறக்க வைத்திருக்கிறேன்.

அடுத்தது, பழகிப்போவது. ஒரு வாசனை தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களிலேயே மூளை அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். தினமும் ஒரே பெர்ஃப்யூம் அடிப்பவருக்கு அது மங்கிக்கொண்டே போவதாகத் தோன்றும். கூட்டிக் கூட்டி அடிப்பார். அதனால், சோதனை தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று நாள் எதுவுமே அடிக்காமல் இருங்கள். வாசனை குறைந்த சோப்பு, சாதாரண எண்ணெய். மூன்றாம் நாள் உலகமே கொஞ்சம் உரத்து மணக்கும்.

ஒரு அமர்வில் மூன்றுக்கு மேல் முகராதீர்கள். நடுவே காபிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு புதுசாகிவிடும் என்பார்கள். 2011-இல் இதைச் சோதித்துப் பார்த்தபோது வெறும் காற்றைவிடக் காபிக் கொட்டை எந்த விதத்திலும் உசத்தியாக இல்லை. ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள், அல்லது உங்கள் சட்டையின் உள்மடிப்பை, வாசனை படாத இடத்தில், முகர்ந்துகொள்ளுங்கள். அது போதும்.

படி 5: முதலில் காகிதம், பிறகு ஒரு முழு நாள்

தடித்த, பளபளப்பு இல்லாத வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்தில் கீற்றாக வெட்டிக்கொள்ளுங்கள். பெயர் எழுதி, ஒரு ஸ்ப்ரே அடித்து, ஆல்கஹால் பறக்க அரை நிமிடம் விட்டு முகருங்கள். இது வடிகட்டும் வேலை மட்டும்தான். காகிதத்தில் பிடிக்கவில்லை என்று எதையும் கழிக்காதீர்கள். எதை முதலில் தோலுக்குக் கொண்டுபோவது என்று வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள். கீற்றுகளைத் தனித்தனியாக விரித்து வைத்து மறுநாள் காலையில் மறுபடியும் முகருங்கள். இரவு முழுக்கத் தாங்கியது என்ன என்பதைப் பார்ப்பதற்குத்தான்.

தோலில் சோதிப்பது ஒரு நாளைக்கு ஒன்று. இங்கே நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இரண்டு மணிக்கட்டில் இரண்டு பெர்ஃப்யூம் என்றால் அது போட்டி, பழக்கம் அல்ல; போட்டியில் எப்போதும் சத்தமானதுதான் ஜெயிக்கும். குளித்து உலர்ந்த தோலில், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவி, மார்பில் ஒரு ஸ்ப்ரே, முழங்கை மடிப்பில் ஒரு ஸ்ப்ரே, துணியில் ஒரு ஸ்ப்ரே. மணிக்கட்டில் அடித்தால் நாளெல்லாம் அதை மூக்கருகே கொண்டுபோய்க்கொண்டே இருப்பீர்கள், பழகிப்போய் ஒன்றும் தெரியாது. மணிக்கட்டுகளைத் தேய்த்தால் மூலக்கூறுகள் உடையும் என்பது கட்டுக்கதை. தேய்த்தால் தோல் சூடாகி மேல் வாசனை சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான்.

ஐந்து நேரங்களில் குறிப்பு எழுதுங்கள்: அடித்த ஒரு நிமிடத்தில், இருபதாவது நிமிடத்தில், இரண்டாம் மணியில், ஆறாம் மணியில், மறுநாள் காலை கழற்றிப் போட்ட துணியில். முதல் கால் மணி நேரம் காட்டுவது பெரும்பாலும் புளிப்புப் பழங்களையும் லேசான மூலிகைகளையும். வாங்கும் இடத்தில் நாம் முகர்ந்து மயங்குவதும் வெறுப்பதும் இந்தக் கால் மணியைத்தான். பூக்களும் மசாலாவும் அதற்குப் பின்னால் வந்து சில மணி நேரம் நிற்கும். மரம், பிசின், கஸ்தூரி, வனிலா கடைசி வரை. நாள் முழுக்க நீங்கள் குடியிருக்கப் போவது இந்தக் கடைசி வீட்டில், வாசலைப் பார்த்து மட்டும் முடிவெடுத்திருக்கிறோம்.

என்ன வார்த்தையில் எழுதுவது என்று தயங்க வேண்டாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பூ, மரப் பட்டியலைப் பார்க்காதீர்கள், பார்த்தால் அதெல்லாம் வருவதாகவே தோன்றும். தமிழில் மூக்குக்கான சொற்கள் ஏராளம்: வாசம், மணம், நெடி, வாடை, வீச்சம், மக்கல், காரல், கமழ்தல். நல்ல மணத்துக்கே ‘நாற்றம்’ என்று சொன்ன மொழி இது. பாவம், அந்தச் சொல்தான் இடையில் கெட்டுப்போனது. ‘மக்கிய புத்தகம்’, ‘இஸ்திரி போட்ட துணி’, ‘அறுத்த மரத்தின் ஈரம்’, ‘மின்விசிறி சூடான வாடை’ என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தால் உங்களுக்குப் புரியும் வார்த்தைதான் சரியான வார்த்தை.

படி 6: ஏன் ஒதுக்கினோம் என்று கண்டுபிடியுங்கள்

மறுவிசாரணையின் மையம் இதுதான். ஒரு முழு நாள் அடித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் உடனே கழிக்காதீர்கள். எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். அநேகமாகக் கீழே வரும் காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி முயலுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

முதல் சந்தேகம் அளவு. நான்கு ஸ்ப்ரேயில் தலைவலி தரும் பெர்ஃப்யூம் ஒரே ஸ்ப்ரேயில், அதுவும் சட்டைக்குள் அடித்தால், வேறு ஆளாக நடந்துகொள்ளும். 1992-இல் வந்த ஏஞ்சல் என்ற பெர்ஃப்யூமைப் போல இனிப்பும் பச்சோலியும் மோதும் வகைகள் இதற்குச் சரியான உதாரணம். அதை வெறுப்பவர்களில் பலர் அதை அளவுக்கு மீறி அடித்தவர்களின் பக்கத்தில் லிஃப்டில் நின்றவர்கள். மறுபக்கம், இ.டி.டி. (ஓ டி டாய்லெட், செறிவு குறைந்த பெர்ஃப்யூம்) வகையில் ‘நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்று ஒதுக்கியதைத் துணியில் அடித்துப் பாருங்கள். தோலின் சூடு இல்லாத இடத்தில் அது மெதுவாகத்தான் பறக்கும். பட்டுத் துணியும் முத்தும் மட்டும் விலக்கு, கறை விழும், பளபளப்பு போகும்.

அடுத்தது பருவம். சூட்டில் எல்லாம் வேகமாக ஆவியாகும், எனவே கனமான இனிப்பும் பிசினும் வெயிலில் வீங்கிக்கொண்டு மூச்சு முட்டும். அதே பாட்டில் மழை நாளில், குளிரூட்டிய அறையில், அடங்கி அழகாக உட்காரும். எலுமிச்சையும் மூலிகையும் நேர்மாறு; குளிரில் அவை வாயே திறக்காது. நோட்டுப் புத்தகத்தில் தேதியும் வானிலையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். என் வெட்டிவேர் தோற்றது புழுக்கத்தால் என்று நினைத்தேன். பிறகு அதே புழுக்கத்தில் சுத்தமான தோலில் அடித்தபோது பிரமாதமாக இருந்தது. குற்றம் அடியில் மிச்சமிருந்த காலை நேரத்து வனிலாவுடையது.

சில பாட்டில்களில் வாசனையோடு சேர்த்து ஓர் ஆளோ ஒரு காலமோ அடைபட்டிருக்கும். முடிந்துபோன உறவு, பிடிக்காத வேலை, ஆஸ்பத்திரியில் கழிந்த மாதம். இதை மூக்கால் தீர்க்க முடியாது. அந்த நினைவு வலிக்கிறது என்றால் பாட்டிலை விட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ‘அந்தக் காலத்து வாசனை’ என்ற சங்கடம் மட்டும்தான் என்றால், வீட்டில் ஒருவரும் இல்லாத, எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாளில் அடித்துக்கொண்டு சும்மா வேலையைப் பாருங்கள். நான்கைந்து சாதாரண நாள்கள் மேலே படிந்தால் பழைய நாள் கொஞ்சம் அடியில் போகும். எனக்கு ஒரு பாட்டில் இப்படித் திரும்பி வந்தது, ஒன்று வரவில்லை.

‘பழைய ஃபேஷன்’ என்ற காரணத்தையும் சந்தேகியுங்கள். 1988-இல் கூல் வாட்டர், 1994-இல் சிகே ஒன் என்ற பெர்ஃப்யூம்கள் வந்து பரவியபோது எல்லோரும் ஒரே தண்ணீரும் சோப்புமாக மணந்தார்கள், அதனால் அலுத்தது. இப்போது சுற்றிலும் இனிப்பும் ஆம்பர்-மர வாசனையும் நிறைந்திருக்கையில் அந்தப் பாட்டிலை எடுத்து அடித்தால், அலுப்புத் தந்த கூட்டம் கலைந்துவிட்டது தெரியும். பெர்ஃப்யூம் கலைஞர் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா 1966-இல் செய்த ‘ஓ சவாஜ்’, ஹெடியோன் என்ற வாசனைப் பொருளின் மல்லிகைக் காற்றை ஓர் ஆண்கள் பெர்ஃப்யூமுக்குள் விட்டது. இன்றும் அதைப் பழசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் இரட்டையர் பிரச்சினை. ஒரே மாதிரி நான்கு இருந்தால் மூன்று தானாகவே மறக்கப்படும். நான்கையும் காகிதத்தில் அடித்து, பெயரை மறைத்து, கலைத்து, வரிசைப்படுத்துங்கள். முதலிடம் பெற்றதை வையுங்கள். முதலிடம் எதுவென்று தெரியவே இல்லையென்றால் மிகக் குறைவாக இருப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

படி 7: பழைய பாட்டிலை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்

‘வேண்டுமென்றால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்’ என்பது பெர்ஃப்யூமில் எப்போதும் உண்மை இல்லை. பெயரும் பாட்டிலும் அதேதான், உள்ளே இருப்பது மாறியிருக்கும். காரணம் சில நேரம் செலவுக் குறைப்பு, சில நேரம் விதிமுறை. லைரல் என்ற அல்லிவாசப் பொருளையும், ஓக்மாஸ் என்ற கற்பாசி வகையில் இயல்பாக இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற ஒவ்வாமைப் பொருள்களையும் கொண்ட சரக்கை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு விற்க முடியாது. லிலியால் என்ற இன்னொரு வாசனைப் பொருளுக்கு 2022 மார்ச்சில் கதவு மூடியது. 1919-இல் வந்த மிட்சூகோ என்ற பெர்ஃப்யூம் போல ஓக்மாஸை அடித்தளமாகக் கொண்ட ஷிப்ர் வகைகளைச் செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. செய்முறையைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

அதற்காகப் பழையது எல்லாமே உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. சில புதிய செய்முறைகள் உண்மையிலேயே தெளிவாக இருக்கின்றன. ஆனால் பாட்டிலின் அடியில் அச்சிட்ட அல்லது பொறித்த பேட்ச் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியிலும் அதே எண் இருக்கும். பின்னால் புதுசு வாங்கி ‘ஏதோ குறைகிறதே’ என்று தோன்றினால், அது உங்கள் மூக்கின் பிரமையா, செய்முறை மாற்றமா என்று பார்க்க இந்த எண்தான் முதல் தடயம். உங்களுக்கு ஒவ்வாமை இருந்தால் மட்டும் இந்தப் பாசம் வேண்டாம், பழைய செய்முறையிலிருந்து விலகியே இருங்கள்.

படி 8: முன்வரிசையைச் சுழற்றுங்கள்

மறுவிசாரணையில் தேறியவற்றை மறுபடி பின்வரிசையில் வைத்தால் இத்தனை வேலையும் வீண். கண்ணில் படாதது கையில் வராது. ஒரு சின்னத் தட்டில் ஐந்து பாட்டில் மட்டும் வையுங்கள், மூடிய அலமாரிக்குள், முன்னால். ஐந்தில் மூன்று மீண்டு வந்தவை, ஒன்று பழைய செல்லம், ஒன்று பருவத்துக்கு ஏற்றது. மாதம் ஒருமுறை தட்டை மாற்றுங்கள். காலையில் அவசரத்தில் நாற்பது பாட்டிலுக்கு முன்னால் நிற்கும் மனிதன் எப்போதும் அதே ஒன்றைத்தான் எடுப்பான். ஐந்துக்கு முன்னால் நின்றால் தேர்ந்தெடுப்பான்.

மீண்டு வந்த ஒன்றைத் தொடர்ந்து நான்கு நாள் அடியுங்கள். ஒரு நாளில் தெரியாத குணம் மூன்றாம் நாளில் தெரியும், சில நேரம் குற்றமும் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு நாள் விடுப்பு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை அடித்துக் கலந்து பார்ப்பது தனி விளையாட்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: தட்டையாகத் தெரியும் கஸ்தூரி அல்லது வனிலா பெர்ஃப்யூம் ஏதாவது கிடந்தால் அதை அடியில் போட்டு, மேலே சீக்கிரம் பறந்துவிடும் எலுமிச்சை வகையை அடியுங்கள். தனித்தனியாக அரைகுறையாக இருந்த இரண்டும் சேர்ந்து ஒரு நாள் ஓட்டிவிடும்.

படி 9: தேறாதவை

மூன்று வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு வானிலையில், அளவையும் மாற்றிப் பார்த்து, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் சரி, அது உங்களுடையது இல்லை. கெடாமல் இருந்தால் பிடிக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். ஆனால் பாட்டிலைத் திணிக்காமல் முதலில் காகிதக் கீற்றைக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பின்வரிசையிலிருந்து அவருடைய பின்வரிசைக்கு இடம் மாறும், அவ்வளவே.

தோலுக்கு ஆகாதது ஆனால் மணம் பாதி நன்றாக இருப்பது என்றால், ஒரு பஞ்சில் அடித்து அலமாரியின் ஓரத்தில், துணியில் படாமல், வைக்கலாம். முழுக்கக் கெட்டதைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். அதில் பெரும்பகுதி எளிதில் தீப்பிடிக்கும் ஆல்கஹால். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைத்துத் திறக்கவும் வேண்டாம். உங்கள் ஊரில் பெயின்ட், தின்னர் போன்ற ஆபத்தான கழிவுகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எதுவோ அங்கேயே இதையும் கொடுத்துவிடுங்கள். பாட்டில் அழகாக இருக்கிறது என்று காலியாக்கி வைத்துக்கொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என்னிடமும் இரண்டு இருக்கின்றன.

முதல் நாள் பெட்டியில் பூட்டிய அந்தப் பழைய செல்லங்களை ஆறேழு வாரம் கழித்துத் திறங்கள். மற்றவற்றுக்குச் செய்த அதே சோதனையை அவற்றுக்கும் செய்யுங்கள்: முதலில் நினைவிலிருந்து ஒரு வரி, பிறகு காகிதம், பிறகு ஒரு முழு நாள். என் பெட்டியில் ஆறு இருந்தன. நான்கு முன்வரிசைக்குத் திரும்பின. ஒன்றை ஏன் இத்தனை வருடம் தினமும் அடித்தேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அதைக் காகிதத்தில் அடித்து ஒருவரிடம் நீட்டியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஆறாவது, அந்த வனிலா. அதை அடிக்கும் நாளில் வெட்டிவேரைத் தொடுவதில்லை.